பகல் காட்சிக்குப் போக ஓர் அம்மாவுக்கு நேரம் எங்கே?

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மகள் நான்காம் வகுப்பு. மகன் இந்த வருடம்தான் முதல் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். இரண்டு பேரும் முழு நாள் பள்ளிக்குப் போவது இப்போதுதான். காலை 8.45க்குக் கொண்டுபோய் விடுவதும் மாலை 3.15க்குக் கூட்டி வருவதும் நான்தான். நடுவில் வீட்டிலிருந்தே பகுதி நேரமாகக் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு வாரம் ஒரு படமாவது தியேட்டரில் பார்த்துவிடுவேன். பிள்ளைகள் பிறந்த பிறகு தியேட்டரில் பார்த்ததெல்லாம் கார்ட்டூன் படங்கள்தான். போன மாதம் துணிந்து 12 மணிக் காட்சிக்குத் தனியாகப் போனேன். 2 மணி 40 நிமிடப் படம். இடைவேளைக்குப் பிறகு திரையைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தேன். இரண்டரைக்கு எழுந்து ஓடி வந்துவிட்டேன். "எங்கம்மா போயிருந்தே?" என்று மகள் கேட்டபோது வேலையாகப் போனேன் என்று சொல்லிவிட்டேன். கணவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "வீட்டிலேயே ஓடிடியில் பார்க்க வேண்டியதுதானே" என்பார். இப்போதெல்லாம் எதிலும் மனம் ஒட்டுவதில்லை. பள்ளி நேரத்துக்குள் படம் பார்க்க நினைப்பது சுயநலமா? அப்படியே போவதென்றாலும் நேரத்தை எப்படி ஒதுக்குவது?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

சுயநலமா இல்லையா என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 12 மணிக் காட்சியின் கணக்கைப் பார்த்துவிடுவோம். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், இது உங்களுக்கு எளிது. விளம்பரமும் டிரெய்லரும் 15 நிமிடம். படம் 2 மணி 40 நிமிடம். இடைவேளை இன்னொரு 15 நிமிடம். ஆக, படம் முடிவதே 3.10க்கு. பள்ளி வாசலில் 3.15க்கு நிற்க வேண்டும். தியேட்டர் பள்ளிக்குப் பக்கத்துக் கட்டடத்திலேயே இருந்தால்கூட இது நடக்காது. குற்ற உணர்ச்சியால்தான் படத்தில் மனம் ஒட்டவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிக்கெட் வாங்கும்போதே அந்தப் படத்தை முழுதாகப் பார்க்க முடியாது என்பது முடிவாகிவிட்டது. உங்கள் மனதுக்கு அது தெரிந்திருக்கிறது, அதனால் கடிகாரத்தைப் பார்த்தது. சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

எனவே நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணிப் பழகுங்கள். படம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று பார்க்காமல், பள்ளி எத்தனை மணிக்கு விடுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். 3.15க்குப் பள்ளி விடுகிறது என்றால் 3.05க்கு வாசலில் இருக்க வேண்டும். தியேட்டரிலிருந்து பள்ளிக்கு 25 நிமிடப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். போக்குவரத்து நெரிசலுக்கும், லிஃப்ட்டுக்கும், கழிவறை வரிசைக்கும் சேர்த்து 20 நிமிடம் கையிருப்பு. அப்படியானால் 2.20க்குப் படம் முடிந்திருக்க வேண்டும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம், காட்சி 11.20க்கு முன்பே தொடங்கியாக வேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரப் படம் என்றால் அதே 12 மணிக் காட்சியே போதும், 2.15க்கு முடிந்துவிடும். உங்களுக்கு அன்று ஒத்துவராதது அந்தக் காட்சி நேரமல்ல, படத்தின் நீளம்.

படத்தின் நீளம் டிக்கெட் பதிவு செய்யும் இடத்திலேயே நிமிடக் கணக்கில் போட்டிருப்பார்கள். கதைச் சுருக்கத்தைப் படிப்பதற்கு முன்னால் அதைப் படியுங்கள். மூன்று மணி நேரத்தைத் தாண்டும் படங்களைப் பள்ளி நாளுக்குள் திணிக்கப் பார்க்காதீர்கள். 10 மணிக்கு முன்பே காட்சி போடும் தியேட்டர் பக்கத்தில் இருந்தால் ஒழிய, அவை உங்களுக்கு இப்போதைக்கு இல்லை. வருத்தம்தான், ஆனால் எந்தப் படம் தன் நேரத்துக்குள் அடங்காது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பவருக்குப் பாதி ஏமாற்றம் குறைந்துவிடும்.

தியேட்டரைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சின்னத் திருத்தம். நாம் வழக்கமாக வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று பார்ப்போம். நீங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் எது என்று பாருங்கள். படம் முடிந்து வீட்டுக்குப் போகப் போவதில்லை, நேரே பள்ளிக்குத்தான் போகப் போகிறீர்கள். திரை சிறியது, நாற்காலி பழசு என்றாலும் பரவாயில்லை. பத்து நிமிடத்தில் பள்ளி வாசலுக்கு வந்துவிடலாம் என்ற நிம்மதியைச் சொகுசு நாற்காலி தராது.

வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர் என்றால் இன்னொன்றும் உண்டு. மூன்று மணி நேரம் இருட்டில் இருந்துவிட்டு உச்சி வெயிலுக்குள் நேரே வந்தால் கண் கூசும். வெளிச்சத்துக்குக் கண் பழக ஒரு சில நிமிடங்கள் ஆகும். அந்த 20 நிமிடக் கையிருப்பில் அதற்கும் பங்கு இருக்கிறது. கொஞ்சம் நின்று, தண்ணீர் குடித்துவிட்டு வண்டியை எடுங்கள்.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் கணக்கு சரியாக வந்த பிறகும் பல அம்மாக்களால் உட்கார்ந்து பார்க்க முடிவதில்லை. என்னிடம் பேச வருகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு ஆறு மணி நேரம் சும்மாதான் இருக்கிறேன், ஆனாலும் ஓய்வே இல்லை." கேட்பவர்களுக்கு இது முரணாகத் தெரியும். முரணே இல்லை. அந்த ஆறு மணி நேரமும் நீங்கள் அழைப்புக்குக் காத்திருக்கிறீர்கள். பள்ளியிலிருந்து போன் வந்தால் ஓட வேண்டியவர் நீங்கள். காய்ச்சல் என்றாலும், விளையாடும்போது விழுந்துவிட்டான் என்றாலும், ஏதோ காரணத்தால் பள்ளி சீக்கிரம் விடுகிறது என்றாலும் நீங்கள்தான். அழைப்பு வராத நாளிலும் நீங்கள் பணியில்தான் இருக்கிறீர்கள், இரவுப் பணியில் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் மருத்துவரைப் போல. யாரும் வரவில்லை என்பதால் அவர் ஓய்வெடுத்தார் என்று ஆகிவிடாது.

மைக்கேல் பிட்மன், ஜூடி வாஜ்மன் என்ற இரு சமூகவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் பேசியது. ஆண்கள், பெண்களின் நேரச் செலவுக் குறிப்புகளை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓய்வு நேரத்தின் மொத்த அளவு இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் பெண்களின் ஓய்வு துண்டு துண்டாக இருந்தது. நடுவில் பிள்ளைகளின் தேவையோ வேறொரு வேலையோ புகுந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்தைப் பத்து நிமிடங்களாக வெட்டிக் கொடுத்தால் கூட்டல் சரியாக வரும், ஆனால் அதில் ஒரு படம் பார்க்க முடியாது.

உங்கள் கணவர் சொல்லக்கூடிய ஓடிடி யோசனைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வீட்டில் பார்க்கும்போது படத்தை நிறுத்திவைக்கலாம். அதை வசதி என்று நினைக்கிறோம். ஆனால் நிறுத்த முடியும் என்பதாலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரம் சத்தம் போட்டால் எழுந்து போவீர்கள். கூரியர் வந்தால் எழுவீர்கள். எழாமல் இருந்தால், எழுந்து எதையாவது செய்திருக்கலாமே என்று தோன்றும். தியேட்டரின் அருமையே அது உங்களுக்காக நிற்காது என்பதுதான். அதனால் நீங்கள் அதற்காக உட்கார வேண்டியிருக்கிறது. அவர் கேட்டால் இதையே சொல்லுங்கள்.

ஆக, உங்களுக்கு வேண்டியது கூடுதல் நேரமல்ல. வேண்டியது பணிமாற்றம். மாதத்தில் ஒரு நாள், அல்லது இரண்டு நாள், காலை 11 மணியிலிருந்து 2.30 வரை பள்ளி அழைத்தால் முதலில் எடுக்க வேண்டியவர் வேறொருவர். அது உங்கள் கணவராக இருக்கலாம். அவர் அலுவலகத்திலேயே இருக்கட்டும், எங்கும் வர வேண்டாம். போனை எடுக்க ஆயத்தமாக இருந்தால் போதும். அவரால் முடியாத நாளில், அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் இன்னொரு அம்மாவோ அப்பாவோ. அவருக்கு அப்படியொரு நாள் நீங்கள் திருப்பிக் கொடுங்கள். பள்ளியின் பதிவேட்டில் இரண்டாவது அவசர எண்ணாக யார் பெயர் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். நிறைய வீடுகளில் அந்த இடத்தில் எப்போதோ எழுதிக்கொடுத்த, இப்போது பயன்பாட்டில் இல்லாத எண் ஒன்று இருக்கும். மாலையில் நீங்கள் தாமதமானால் பிள்ளைகளைக் கூட்டிப் போக அந்த இன்னொருவருக்குப் பள்ளியில் அனுமதி இருக்கிறதா என்பதையும் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

போனை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அணைத்து வைக்கச் சொல்ல மாட்டேன், அணைத்தால் நீங்கள் நிம்மதியாக இருக்க மாட்டீர்கள். இப்போதைய போன்களில் தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பில் குறிப்பிட்ட எண்களுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். பள்ளி, கணவர், அந்த இன்னொருவர். மற்ற எல்லாம் அடங்கி இருக்கட்டும். ஒலியில்லாமல் அதிர்வு மட்டும் வைத்துப் பையில் போடாமல் உடம்பில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். அதிரவில்லை என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று பொருள். எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பின்வரிசையில் நடைபாதையை ஒட்டிய இருக்கையாகப் பதிவு செய்யுங்கள். எழ வேண்டி வந்தால் யார் காலையும் மிதிக்காமல் எழலாம் என்று தெரிந்தாலே உட்கார்வது எளிதாகிவிடும். 2.25க்கு ஓர் அலாரமும் அதிர்வில் வைத்துவிடுங்கள். கடிகாரம் பார்க்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பாதியில் விட்டுவந்த வேலைகள் மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்பதும் உண்மை. இதற்கு மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட சோதனைகளில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. முடிக்காத காரியம் நினைவில் வந்து குறுக்கிடுவதை நிறுத்த அந்தக் காரியத்தை முடித்தே தீர வேண்டும் என்றில்லை. எப்போது, எப்படி முடிப்பது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்தாலே குறுக்கீடு பெருமளவு அடங்கிவிடுகிறது. "பில் எல்லாம் பாக்கி" என்று நினைத்துக்கொண்டு போனால் படம் முழுக்க பில்தான் ஓடும். "அந்தப் பில்களை இன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு 9 மணிக்கு, முதல் கோப்பிலிருந்து" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிட்டுப் போங்கள். சீட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

கிழமை விஷயம். தியேட்டர்கள் காட்சி நேரங்களை வாரா வாரம் மாற்றுவார்கள். புதுப் படம் வந்ததும் பழைய படத்தின் வசதியான காட்சிகள் அதற்குப் போய்விடும். நீங்கள் குறித்துவைத்த படம் இரண்டாவது வாரத்தில் இரவுக் காட்சி மட்டும் என்று சுருங்கிப்போனால் உங்களுக்குப் பயனில்லை. அதனால் பார்த்தே ஆக வேண்டும் என்ற படத்துக்கு முதல் வாரத்திலேயே ஒரு வேலை நாளைக் குறித்துவிடுங்கள். செவ்வாய், புதன் போன்ற நடுவார நாட்கள் நல்லது. கூட்டம் இருக்காது, பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாமலே பார்க்கலாம். வார விடுமுறையில் சேர்ந்த வீட்டு வேலையும் திங்களோடு முடிந்திருக்கும். அப்புறம், ஒரு நாளைக் குறித்தால் அதற்கு மாற்று நாளையும் அப்போதே குறியுங்கள். முதல் வகுப்புப் பையனுக்குக் காய்ச்சல் வரும் நாள் நீங்கள் டிக்கெட் எடுத்த நாளாகத்தான் இருக்கும். டிக்கெட்டை ரத்து செய்ய முடிகிற இடத்தில் வாங்குங்கள், அல்லது அன்று காலை பிள்ளைகளை வகுப்புக்குள் அனுப்பிவிட்டு வாங்குங்கள். நடுவாரக் காலைக் காட்சிக்கு அவ்வளவு அவசரம் இருக்காது.

பிள்ளைகளை 8.45க்கு விட்டால் 11 மணி வரை என்ன செய்வது? என் கருத்து, வீட்டுக்குப் போகாதீர்கள். பலர் இதை ஏற்க மாட்டார்கள், இரண்டு மணி நேர வேலையை முடித்துவிட்டுப் போகலாமே என்பார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் வீடு விடாது. பத்தரைக்குக் கிளம்ப வேண்டியவர் பத்தே முக்காலுக்கு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பள்ளியிலிருந்து நேரே ஒரு நூலகத்துக்கோ, உட்கார்ந்து வேலை செய்ய விடுகிற வேறு எந்த இடத்துக்கோ போய் உங்கள் கணக்கு வேலையை அங்கேயே பாருங்கள். அன்றைய சம்பள வேலை இரண்டு மணி நேரம் நடந்துவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கை. வேலையை முடித்தால்தான் படம் என்று அதைக் கூலியாக்கிவிடாதீர்கள். வீட்டு வேலைக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. முடித்துவிட்டுத்தான் போவேன் என்றால் கடைசிப் பிள்ளை கல்லூரியை முடித்த பிறகுதான் போவீர்கள்.

இனி சுயநலம். படம் பார்த்துவிட்டு வந்தால் புத்துணர்ச்சியோடு இன்னும் நல்ல அம்மாவாக இருப்பீர்கள், அதனால் போகலாம் என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். சில நாள் தலைவலியோடு வருவீர்கள். சில நாள் மோசமான படம் பார்த்த எரிச்சலோடு வருவீர்கள். அந்த நாட்களில் போனது தவறாகிவிடுமா? நீங்கள் ஒரு மனிதர், உங்களுக்குச் சினிமா பிடிக்கும், கல்யாணத்துக்கு முன்பும் பிடித்தது. அது போதும். யாருடைய பங்கையும் எடுக்கவில்லை, பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். சொல்லப்போனால் அந்த நேரத்தில் அவர்களுக்கு நீங்கள் தேவையே இல்லை, அது உங்களுக்கே கொஞ்சம் வலிக்கிறதோ என்று ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. மகனும் முழு நாள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடத்தில் வீட்டின் அமைதி சில அம்மாக்களைக் கலங்க வைக்கும். யோசித்துப் பாருங்கள்.

உடல்நல நியாயம் வேண்டும் என்றால் ஒன்று சொல்லலாம், அளவோடு. லண்டனில் டெய்சி ஃபேன்கோர்ட் குழுவினர் இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதிய ஆய்வு பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வந்தது. சினிமா, நாடகம், அருங்காட்சியகம் என்று மாதம் ஒரு முறையாவது போகிறவர்களுக்கு, போகாதவர்களைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. ஆனால் போனதால் குறைந்ததா, நன்றாக இருந்தவர்கள்தான் போனார்களா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. உங்கள் வயதுக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. எனவே மருந்துச் சீட்டாக இதை எழுதித் தர மாட்டேன்.

மருந்து என்றதும் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த ஒரு வரியைக் கேட்டாக வேண்டும். எதிலும் மனம் ஒட்டுவதில்லை என்கிறீர்கள். படம் பார்க்க நேரமில்லாத எரிச்சலா அது, இல்லை அதற்கும் மேலா? இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக நாள் முழுக்க மனம் கனத்தே இருக்கிறது, முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்கவில்லை, தூக்கமோ பசியோ மாறிப்போயிருக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் படத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன்னால் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற மாதிரி நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் காத்திருக்காதீர்கள், இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லை, ஒரு நல்ல படம் பார்க்கலாம் என்று நினைத்தால் மனம் துள்ளுகிறது என்றால் நல்லது. துணிந்து தியேட்டருக்குப் போனவருக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவதாகத்தான் இருக்கும், இருந்தாலும் கடிதத்தை வைத்து நான் முடிவு செய்யக் கூடாது.

மகளிடம் சொன்ன பொய்க்கு வருகிறேன். பொய் சிறியதுதான். ஆனால் அது உங்கள் படத்தைத் திருட்டுப் பொருளாக்கிவிட்டது. மறைக்கும் எதையும் நிம்மதியாக அனுபவிக்க முடியாது. கணவரிடம் முதலில் சொல்லுங்கள். அனுமதி கேட்கும் தொனி வேண்டாம், உதவி கேட்கும் தொனி போதும்: "மாதத்தில் இரண்டாவது புதன்கிழமை காலைக் காட்சிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். 11 முதல் 2.30 வரை பள்ளியிலிருந்து போன் வந்தால் நீங்கள் எடுக்க வேண்டும்." இவ்வளவுதான். அவருக்கும் இப்படி விட்டுப்போன ஏதாவது இருக்கும். கேளுங்கள், அதற்கு ஒரு சனிக்கிழமையைக் கொடுங்கள்.

மகளிடம் அடுத்த முறை உண்மையையே சொல்லுங்கள். "படம் பார்க்கப் போனேன்." என்னை விட்டுவிட்டா என்று முகம் சுளிப்பாள். "ஆமாம், அது பெரியவர்கள் படம்" என்று சொன்னால் போதும், சமாதானத்துக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கத் தேவையில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அம்மாவுக்கென்று ஒரு விருப்பம் இருப்பது புரியாத விஷயமல்ல. ஒருவேளை கதை கேட்பாள். சொல்லக் கூடிய பகுதியைச் சொல்லுங்கள்.

முதல் முறைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் படமாகத் தேர்ந்தெடுங்கள். ரொம்ப நாளாகக் காத்திருந்த படமாக இருக்க வேண்டாம். கணவர் போன் எடுக்கிறாரா, அலாரம் அதிர்கிறதா, பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பதற்கான ஒத்திகை அது. படம் பிடிக்கவில்லை என்றால் இடைவேளையில் எழுந்து வாருங்கள்; மாதத்தில் ஒரு நாள்தானே கிடைக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அதுவும் ஒரு கடமை ஆகிவிடும்.

பள்ளி விடுமுறையில் இந்த ஏற்பாடு எதுவும் செல்லாது. இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள், பகல் காட்சி போய்விடும். அந்த வாரங்களுக்கு வார நாளில் ஒரு மாலைக் காட்சியைக் கணவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை விடுமுறை தொடங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். தொடங்கிவிட்டால் உங்கள் வீட்டில் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க யாருக்கும் வாய்ப்பு கிடைக்காது.